மாதிரி அறையில் ஒரு சிவப்புக் கதவு

ஓர மேசைக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. அளவைத் துறை அலுவலகத்தில், படம் வரையும் கூடத்தில், ஜன்னலை ஒட்டிக் கடைசியாகக் கிடந்த மேசை அவருடையது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அதே இடத்தில் உட்கார்ந்திருந்ததால் மேசையின் பெயர் மனிதருக்கும் ஒட்டிக்கொண்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த அலுவலகத்தில் யாரும் தன்னைக் கண்டுகொள்வதில்லை, அதுவே பெரிய நிம்மதி என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

நகரத்தின் தெருக்களையும் மதில்களையும் அளந்து படம் போடுவது அளவைத் துறையின் வேலை. முதலில் பென்சிலில் போடவேண்டும். மேலிடம் பார்த்து ஒப்புதல் தந்த பிறகு அதே கோட்டின்மேல் மையால் இழுக்கவேண்டும். மேலிடம் பார்க்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே நகரத்தின் பாதித் தெருக்கள் இன்றைக்கும் பென்சிலில்தான் இருக்கின்றன. கூடத்தில் யாராவது கவனமில்லாமல் ரப்பரைத் தேய்த்தால் ஒரு குடியிருப்பே காணாமல் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் பென்சிலுக்கு என்ன மரியாதை இருக்கும் என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? புதுப் பென்சில் வேண்டுமென்றால் தேய்ந்துபோன பழைய துண்டை ஸ்டோர்க்காரரிடம் ஒப்படைக்கவேண்டும். துண்டு இல்லையா, பென்சிலும் இல்லை.

ஓர மேசைக்கு ஒரு கால் குட்டை. மேலே வைத்த பென்சில் உருண்டு உருண்டு கீழே விழும், முனை உடையும். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவர் இதைச் சொல்லி அலுத்துக்கொண்டதை இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் காதில் போட்டுக்கொண்டாள். பள்ளி விடுமுறையில், ஒன்றோடொன்று செருகி அடுக்குகிற பிளாஸ்டிக் கட்டைகளைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளையும் நீலமும் மாறி மாறி வரும் நான்கு சுவர், ஒரு குட்டி ஜன்னல், மேலே கூரை இல்லாமல் திறந்த வாய். பென்சிலை அந்த வழியாக உள்ளே நிறுத்தலாம். முன்பக்கம் திறந்து மூடுகிற சிவப்புக் கதவு. கதவைத் திறந்தால் உள்ளே ரப்பர் வைக்க ஒரு சின்ன அறை. மறுநாளே அலுவலகத்துக்குக் கொண்டுபோக அதை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

கதவு மட்டும் மகளுடையது இல்லை. மாடி வீட்டுச் சிறுமியுடையது. அவளுடைய பொம்மை வீட்டுக்கு இருந்த ஒரே கதவைக் கழற்றிக் கொடுத்திருந்தாள்.

"ஒரே ஒரு நாள்தான்" என்று படியில் நின்று அவரிடமே கறாராகச் சொன்னாள். "சாயங்காலம் தந்துடணும் அங்கிள். கதவு இல்லன்னா என் பொம்மை ராத்திரி பயப்படும். மாசக் கடைசில நாங்க வேற வீட்டுக்குப் போறோம் வேற."

"சாயங்காலமே தந்துடறேம்மா" என்றார் அவர். மனிதர் வாழ்க்கையில் அதுவரை சொன்ன சொல் தவறியதில்லை. அவரிடம் யாரும் சொல் கேட்டதில்லை என்பதும் ஒரு காரணம்.

அன்றைக்குப் பார்த்து இயக்குநர் கூடத்தைப் பார்வையிட வந்தார்.

இயக்குநர் பார்வையிட வருவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு வாசல் வழியாக வந்து இன்னொரு வாசல் வழியாகப் போவார். இடையில் எதையாவது பார்த்து "நல்லா இருக்கே" என்பார். மனிதர் நல்லவர், சும்மா போகக் கூச்சப்பட்டுச் சொல்கிற வார்த்தை. ஆனால் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து கீழே விழுவதற்குள் பின்னால் வரும் கண்காணிப்பாளர் அதைக் கையில் ஏந்திக்கொள்வார். இயக்குநர் பாராட்டிய பொருள் எதுவானாலும் அன்றே அதற்கு அரக்கு முத்திரை வைத்து, மாதிரி அறையில் சேர்த்து, அதேபோல எல்லா மேசைக்கும் செய்து கொடுக்கவேண்டும் என்பது துறையின் நடைமுறை.

மாதிரி அறையில் ஒரு தேநீர் கிளாஸ் இருந்தது, அடியில் காய்ந்த தேநீரோடு. ஒரு ஜன்னல் திரை இருந்தது. ஒரு துடைப்பம் இருந்தது. அதற்கும் முத்திரை வைத்துவிட்டதால் அறையைப் பெருக்க வழியில்லாமல் குப்பை சேர்ந்திருந்தது. ஒரு காலத்தில் ஒருவருடைய கையெழுத்தை இயக்குநர் பாராட்டிவிட, அந்த எழுத்தரை அங்கே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் அங்கிருந்தே ஓய்வு பெற்றார். போகும்போது அழுதார் என்கிறார்கள், ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இயக்குநர் ஓர மேசையருகே வந்தார். பென்சில் ஸ்டாண்டைப் பார்த்தார். விரலால் சிவப்புக் கதவைத் திறந்தார், மூடினார்.

"அட, நல்லா இருக்கே!" என்றார். போய்விட்டார்.

தேநீர் இடைவேளைக்கு முன்பே கண்காணிப்பாளர் மெழுகுவத்தியும் அரக்குமாக வந்து நின்றார். ஸ்டோர்க்காரர் ஒரு துணியால் ஸ்டாண்டைச் சுற்றி, வாயைக் கட்டி, முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்றினார்.

"சார், இது எம் பொண்ணு செஞ்சது. சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டு போகணும்."

"காலையில வரைக்கும் உங்க பொண்ணு செஞ்சது. இப்ப இயக்குநர் பாராட்டினது" என்றார் கண்காணிப்பாளர், பொறுமையாக.

"அந்தக் கதவு மட்டும் மாடி வீட்டுப் பிள்ளையோடது சார். அதையாவது கழட்டிக்கறேன்."

"பாராட்டும்போது கதவு இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"அப்புறம் என்ன? கதவைத் தொட்டுத்தானே பாராட்டினார். கதவில்லாத சாமானை மாதிரியா வெச்சா, அவர் பாராட்டாத ஒண்ணைப் பாராட்டினதா நாம பொய் சொன்ன மாதிரி ஆயிடும். அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?"

அப்போதுதான் ஓர மேசைக்காரருக்கு இன்னொன்று உறைத்தது. அவருடைய பென்சில்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. ரப்பரும் இருந்தது. ஸ்டோர்க்காரரிடம் புதுப் பென்சில் கேட்டார்.

"துண்டைக் குடுங்க, தரேன்."

"துண்டு உள்ள இருக்கு. நீங்கதானே இப்பக் கட்டினீங்க."

"நான் கட்டினேன், இல்லன்னு சொல்லலை. துண்டைக் குடுங்க."

அன்று சாயங்காலம் மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். "கதவு?" என்றாள்.

"நாளைக்குக் கண்ணு."

மாடிப்படி ஏறிப்போய் "நாளைக்காம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாளும் போய்ச் சொன்னாள். அடுத்த நாளும் சொன்னாள். பிறகு படியேறுவதை நிறுத்திவிட்டாள். "அவ பொம்மை ராத்திரியெல்லாம் தூங்கலையாம்பா" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள்.

அவர் கடை கடையாக ஏறி இறங்கினார். கதவு தனியாக விற்பதில்லை, சிவப்பு இப்போது வருவதும் இல்லை என்றார்கள். ஒரு கடைக்காரர் மனமிரங்கி உடைந்துபோன பெட்டியிலிருந்து ஒரு பச்சைக் கதவை எடுத்துக் கொடுத்தார். மாடி வீட்டுச் சிறுமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என் கதவு இல்லை" என்று திருப்பிக் கொடுத்தாள். உண்மைதானே, என்ன சொல்வது? அதற்கப்புறம் ஒரு நாள், மகள் குப்பை கொட்டக் கீழே இறங்கியபோது மாடியிலிருந்து "திருடி" என்று ஒரு குரல் வந்தது. மகள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வாளியைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

"ஒரு பிளாஸ்டிக் கதவு. அதைக் கேட்டு வாங்க முடியலையா உங்களால?" என்றாள் மனைவி.

"கேட்டேனே."

"எப்படிக் கேட்டீங்களோ! உங்களுக்கு மன்னிப்பு கேட்கத் தெரியும். வேற எதைக் கேட்கத் தெரியும்?"

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

இதற்குள் அலுவலகத்தில் ஆய்வுக் குழு அமைந்துவிட்டது. கண்காணிப்பாளர் தலைவர், கணக்கரும் ஸ்டோர்க்காரரும் உறுப்பினர்கள். பென்சில் ஸ்டாண்டு என்று சொன்னால் கௌரவமாக இல்லை என்று முதல் கூட்டத்தில் அதற்கு 'எழுதுகோல் நிறுத்தகம்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த களைப்பில் கூட்டம் கலைந்தது. இரண்டாவது கூட்டத்துக்கு ஓர மேசைக்காரரைக் கூப்பிட்டார்கள்.

"நிறுத்தகத்தை உருவாக்கினது யாரு?" என்றார் கணக்கர்.

"எம் பொண்ணு சார்."

"முன் அனுபவம்?"

"வயசே ஏழுதான் சார்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"இங்க பாருங்க. ஏழு வயசுக் குழந்தை செஞ்சதை இயக்குநர் பாராட்டினார்னு எழுதினா அவருக்குத்தான் அசிங்கம். இந்தக் குழுவே உருவாக்கினதா எழுதிடலாம்."

"குழுவே அவர் பாராட்டின பிறகுதானே சார் அமைச்சது?"

"அமைக்கறதுக்கு முன்னாடியே வேலைய முடிச்ச குழு. எந்தத் துறையில உண்டு, சொல்லுங்க பார்ப்போம்?"

ஓர மேசைக்காரர் கதவைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார். மாதக் கடைசியில் அவர்கள் வீடு காலி செய்துகொண்டு போகிறார்கள், குழந்தைகளுக்குள் பேச்சே நின்றுவிட்டது என்றார். கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவருக்கும் குழந்தைகள் உண்டு.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்லை. ஆனா ஒண்ணு சொல்றேன். ஒரு பொருள் நல்லா இருக்கணும்னா முதல்ல அது யாருக்கும் உபயோகப்படக் கூடாது. உபயோகப்பட்டா தேயும், உடையும், தொலையும். அப்புறம் நான் பதில் சொல்லணும். இந்தத் துறையில நான் இத்தனை வருஷமா ஒரு பொருளையும் உடைய விட்டதில்லை. ஏன்னா ஒண்ணையும் எடுக்க விட்டதில்லை" என்றார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

நிறுத்தகத்துக்குப் படம் போடும் வேலை ஓர மேசைக்காரரிடமே வந்தது. பக்கத்து மேசையில் ஒரு பென்சில் கடன் வாங்கிக்கொண்டு மாதிரி அறைக்குப் போனார். துணி சுற்றி அரக்கு வைத்த பொட்டலத்தைக் குழு சுற்றி நின்று அளந்தது. அளவைத் துறைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தெருவில் நின்றுதான் வீட்டை அளப்பார்கள். வெளிச்சுவர் எங்கே முடிகிறதோ அங்கே அவர்கள் வேலை முடிந்தது. உள்ளே கூடம் இருக்கிறதா, கிணறு இருக்கிறதா, ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது தொழில் தர்மத்துக்கு விரோதம். நீளம், அகலம், உயரம் சொன்னார்கள். சுவரின் நிறங்களும் கதவின் நிறமும் ஸ்டோர்க்காரருக்கு ஞாபகம் இருந்தன. அவ்வளவுதான்.

ஓர மேசைக்காரர் படம் போட்டார். உள்ளே வெற்றிடம் இருப்பதைக் காட்டப் புள்ளிக்கோடு ஒன்று இழுத்தார். கண்காணிப்பாளர் அதில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"உள்பக்கம் சார். காலியா இருக்கும். அதுலதான் பென்சில் நிக்கும்."

"உள்ள காலியா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா சார்? என் மேசையில இருந்ததாச்சே!"

"இப்ப சீல் வெச்சிருக்கு. சீலை உடைச்சுப் பார்த்தீங்களா?"

"ஐயோ, இல்லை சார்."

"உடைக்கலைன்னா பார்க்கலை. பார்க்காததை எப்படிப் போட முடியும்? நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டா?" என்று சொல்லித் தன் கையாலேயே ரப்பரை எடுத்து அந்தப் புள்ளிக்கோட்டைத் தேய்த்தார். சுத்தமாகத் தேய்த்து, தூளை ஊதியும் விட்டார். ஓர மேசைக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். நிற்பதைத் தவிர அவர் வேறு ஒன்றும் செய்யவில்லை.

படம் சிமென்ட் வார்க்கிறவரிடம் போயிற்று. அந்த மனிதரும் படத்தில் இருப்பதைத்தான் செய்வார், பாவம். மாதக் கடைசியில் லாரி நிறைய நிறுத்தகங்கள் வந்து இறங்கின. பளபளவென்று வெள்ளையும் நீலமும் அடித்து, முன்னால் சிவப்பில் கதவு வரைந்த கெட்டிச் சிமென்ட் கட்டிகள். ஓட்டை என்பது பேருக்குக்கூடக் கிடையாது. பென்சிலை எங்கே வைப்பது என்று ஒருவர் கேட்டார். 'எழுதுகோல்களை நிறுத்தகத்தின் அருகில் படுக்க வைக்கலாம்' என்று அன்றே சுற்றறிக்கை வந்துவிட்டது. எல்லோரும் படுக்க வைத்தார்கள்.

திறப்பு விழா அன்றுதான் மாடி வீட்டார் காலி செய்கிற நாளும். ஓர மேசைக்காரர் பாதி நாள் விடுப்பு கேட்டார். மாதிரி அவருடைய மேசையிலிருந்து எடுத்தது, அவர் இல்லாமல் விழாவா என்று கண்காணிப்பாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இயக்குநர் வந்து ஒரு கட்டியின் மேலிருந்த பட்டுத்துணியை விலக்கினார், மைக் முன்னால் நின்றார்.

"நான் என்னிக்கோ ஒரு நாள் எதையோ பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கேன். எதைப் பார்த்துச் சொன்னேன்னு சத்தியமா எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கே ஞாபகம் இல்லாத ஒரு வார்த்தைக்கு இத்தனை பேர் இவ்வளவு நாள் தூங்காம உழைச்சிருக்கீங்க. சொன்னவன் மறந்தாலும் கேட்டவங்க மறக்காத துறை இது. எனக்குக் கொஞ்சம் பயமாக்கூட இருக்கு" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கைதட்டல் நடுவே ஓர மேசைக்காரர் ஒரு காரியம் செய்தார். வரிசையை விட்டு விலகி நேராக இயக்குநர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, மாதிரி அறையில இருக்கற பென்சில் ஸ்டாண்டு எங்க வீட்டுது. அதுல இருக்கற சிவப்புக் கதவு ஒரு குழந்தையோடது. அந்தக் குழந்தை இன்னிக்கு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போகுது. கதவை மட்டும் தரச் சொல்லுங்கய்யா."

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். தோளில் கை வைத்தார். "ஒரு குழந்தைக்காகவா இவ்வளவு தூரம் வந்து கேட்கறீங்க? உங்க மனசு நல்லா இருக்கே!" என்றார்.

பக்கத்தில் நின்ற கண்காணிப்பாளரின் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த அரக்கைத் தேடிப் போனது. மனிதருடைய மனசுக்கு எந்த இடத்தில் முடிச்சுப் போடுவது என்று அவர் ஒரு கணம் திகைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். இயக்குநர் அதற்குள் காரில் ஏறிவிட்டார்.

விழாவில் ஆளுக்கு ஒரு கட்டி வழங்கினார்கள். கையெழுத்துப் போட்டு வாங்காமல் வெளியே விடவில்லை. ஓர மேசைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தபோது சாமான் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. மாடி வீட்டுச் சிறுமி முன் சீட்டில் அம்மா மடியில் உட்கார்ந்திருந்தாள். வண்டிக் கதவருகே அவருடைய மகள், மிச்சமிருந்த பிளாஸ்டிக் கட்டைகளின் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். வெள்ளை, நீலம் எல்லாம், ஒன்று விடாமல், அந்தப் பச்சைக் கதவு உட்பட.

"இதை நீயே வெச்சுக்கோ" என்றாள் மகள். "உன் கதவுக்குப் பதிலா."

"ஐயையோ, முழுப் பெட்டியுமா? வேண்டாம்மா கண்ணு" என்றாள் அந்த அம்மா.

சிறுமி பெட்டியை வாங்கி மடியில் வைத்துத் திறந்தாள். விரலால் கிளறிக் கிளறி அடிவரை பார்த்தாள். சிவப்பு இல்லை. பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் சிமென்ட் கட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது. மகள் கையசைத்தாள், சிறுமி இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்திருந்ததாலோ என்னவோ, பதிலுக்கு அசைக்கவில்லை. மகளுக்கு அழுகை வந்தது. அவருக்கும் வந்தது, தெருவில் நின்று அழக் கூச்சமாக இருந்ததால் விழுங்கிக்கொண்டார்.

அடுத்த முறை இயக்குநர் பார்வையிட வருகிறார் என்று சொன்னதும் ஓர மேசைக்காரர் முதல் நாளே உஷாராகிவிட்டார். சிமென்ட் கட்டியை மேசைக்கு அடியில் தள்ளினார். சாப்பாட்டுப் பாத்திரம், தண்ணீர்ப் பாட்டில், மகள் வரைந்து கொடுத்த படம், மூக்குக் கண்ணாடி வரைக்கும் பைக்குள் போட்டுப் பூட்டினார். மேசைமேல் ஒரு குண்டூசி இல்லை. இனி எதைப் பார்த்து என்ன சொல்லிவிட முடியும் என்று கைகட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

இயக்குநர் வந்தார். மற்ற மேசைகளில் எல்லாம் கட்டியும் காகிதமும் படுத்துக்கிடக்கும் பென்சில்களுமாக அடைந்து கிடந்தன. ஓர மேசையருகே நின்றார். துடைத்துவிட்ட பலகையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார்.

"அட" என்றார். "நல்லா இருக்கே!"

மத்தியானம் நான்கு பேர் வந்து மேசையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். குட்டைக் கால் இடறாமல் பார்த்துத் தூக்கச் சொன்னார் ஸ்டோர்க்காரர். ஓர மேசைக்காரர் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, படத்தாளை மடியில் விரித்து, மாலை வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் மகள் தரையில் பாடப் புத்தகத்தை விரித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னாச்சுப்பா?"

"ஆபீஸ்ல என் மேசைய எடுத்துட்டாங்க கண்ணு."

"எப்பத் தருவாங்க?"

நாளைக்கு என்று வாய் வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. மகளே அடுத்ததைக் கேட்டாள்.

"அது யாருக்காவது திருப்பித் தரணுமா?"

"இல்லைம்மா. யாருக்கும் தரவேண்டியதில்லை."

"அப்பப் பரவாயில்லைப்பா" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைச் சற்று நகர்த்திக்கொண்டு, அவர் உட்காரத் தரையில் இடம் விட்டாள்.